முயலுக்குக் குரல் கொடுத்தவள்

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் ஒன்றில் வரும் முயலுக்குக் குரல் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாட்ச்மேனில் இருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவள் முயலக்கா. நாற்பதைத் தாண்டிய மூட்டுவலிக்காரிதான். ஆனால் கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நாலு வயது முயல்குட்டியாகிவிடுவாள். "இது என்ன நிறம், சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்பாள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். "அட, சரியா சொல்லிட்டீங்களே, சபாஷ்!" என்பாள். அந்த இரண்டு விநாடி கொஞ்சம் கூடினாலும் ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார்.

அவளுக்குக் குழந்தை இல்லை. தங்கை மகள் சிட்டுதான் உலகம். தங்கை ஒற்றை அறை வீட்டில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். கணவன் லாரி ஓட்டுகிறான். போனால் பத்து நாள், பதினைந்து நாள். தவழ ஆரம்பித்த பிள்ளைக்கு அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆபத்து. கத்தரி, ஊசி, சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி. ஒருநாள் சிட்டு பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்துவிட்டாள். மயிரிழையில் தப்பினாள். அன்றைக்குத்தான் தங்கை பிள்ளையைக் கட்டிலோரம் உட்காரவைத்துப் போனில் முயலைப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை கப்சிப். சாயங்காலம் வந்த அக்காவிடம், வேறு யாரிடமா விட்டேன், உன்னிடம்தானே விட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள். அக்காவுக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

பிறகு சாப்பாட்டுக்கு முயல், தூக்கத்துக்கு முயல் என்று ஆகி, பொழுது விடிந்து பொழுது போகும்வரை முயல்தான் என்றாயிற்று. இரண்டு வயதாகியும் சிட்டு வாய் திறக்கவில்லை. அப்பனைப் போல அழுத்தக்காரி, மெதுவாகத்தான் பேசுவாள் என்று அக்காவே தைரியம் சொன்னாள். இரண்டே முக்கால் வயதிலும் யார் கூப்பிட்டாலும் சிட்டு திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை. போனை வாங்கினால் தரையில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள்.

காதைச் சோதித்தார்கள், பழுதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். பாய் விரித்த சின்ன அறை, ஒரு கூடை மரக்கட்டைகள். பிள்ளைக்குப் பின்னால் நின்று கூப்பிடும்படி அந்த அம்மா தங்கையிடம் சொன்னார். தங்கை கூப்பிட்டாள். கொஞ்சினாள். கை தட்டினாள். சிட்டு ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் குரல் உடைவதைக் கேட்கப் பொறுக்காமல், மூலையில் இருந்த அக்கா தன்னையறியாமல் முயலின் குரலில் கூப்பிட்டுவிட்டாள்.

சிட்டு விருட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் மலர ஓடிவந்தாள். அக்கா கைகளை விரித்தாள். பிள்ளை அந்தக் கைகளுக்குள் வரவில்லை. அவள் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையை இழுத்துத் திறந்து, சாவி, சீப்பு, கைக்குட்டை என்று ஒவ்வொன்றாக வெளியே வீசிவிட்டு உள்ளே தேடினாள். குரல் வந்த வாய் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சிட்டு போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி அம்மா யாரையும் திட்டவில்லை. போன் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் பார்க்கவேண்டியது இருக்கிறது என்றார். பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை ஒரு சத்தம் போட்டா நாம திரும்பணும். நாம ஒண்ணு சொன்னா அது ஏதாவது செய்யணும். இப்படிக் கொடுத்து வாங்கித்தான் பேச்சு வரும். அந்த வீடியோவில பதில் வந்தாலும் சபாஷ், வராட்டியும் சபாஷ். அப்புறம் பிள்ளை எதுக்கும்மா வாயைத் திறக்கணும்?"

அக்கா சிதறிக் கிடந்த சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். சீப்பு எங்கே என்று கடைசிவரை கண்ணுக்குத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் தங்கை வாய் திறந்தாள்.

"நீ வீட்டுக்கு வாக்கா. வராம இருக்காதே. ஆனா அவ முன்னாடி பேசாதே."

"என் சொந்தக் குரல்லகூடவா?"

"அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உன் சத்தம் கேட்டா என்னைப் பார்க்கமாட்டா."

கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா தாங்கிக்கொண்டிருப்பாள். தங்கை கெஞ்சிச் சொன்னாள்.

மறுநாள் அக்கா முதலாளியிடம் போய், இடைவெளியை நீட்டலாமா, எடுத்ததற்கெல்லாம் சபாஷ் வேண்டாமே என்று கேட்டுப் பார்த்தாள். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். இடைவெளி விட்டால் பிள்ளைகள் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும் என்றார். மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அடுத்த வாரமே வேறொரு பெண் முயலானாள். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. அக்கா ஒரு மருத்துவமனையில் மைக்கில் டோக்கன் எண் கூப்பிடும் வேலையில் சேர்ந்தாள்.

சாயங்காலங்களில் தங்கை வீட்டுக்குப் போவாள். பாத்திரம் தேய்ப்பாள், சீருடைகளுக்குப் பட்டன் தைப்பாள். மூச்சு விடமாட்டாள். போனை எடுத்து ஒளித்துவைத்த முதல் வாரம் சிட்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். தங்கை பாதி வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து துணிப்பந்து உருட்டினாள். திரும்பி வராத பந்தைத் தானே எழுந்துபோய் எடுத்துவந்து மறுபடி உருட்டினாள். நாற்பது நாள் கழித்து ஒருதடவை பந்து திரும்பி வந்தது. ஐந்தாம் மாதம், சிட்டு அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "ம்மா, தண்ணி" என்றாள். தங்கை அழுதுகொண்டே டம்ளரை எடுத்தாள். அக்காவின் விரலில் ஊசி ஏறியது. அவள் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

சிட்டுக்கு நாலு வயதானபோதும் பேச்சு வயதுக்குக் குறைவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா தட்டியதும் அவளே வந்து கதவைத் திறந்தாள். அக்காவின் முகத்தை நேராக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னாள்.

"அம்மா, பேசாத பெரியம்மா வந்திருக்காங்க."

அதுவரை அவள் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். மெஷின் சத்தம் நின்றது. ஓடிவந்த தங்கை மகிழ்ச்சியில் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்தபின் அந்தக் கையை அவளால் எடுக்க முடியவில்லை. பொத்திய கைக்குள்ளிருந்தே, பிள்ளை முன்னால் அக்கா இனிப் பேசலாம் என்று பயிற்சி அம்மா போன வாரமே சொல்லிவிட்டதாக மெதுவாகச் சொன்னாள்.

"பேசுக்கா. ஏதாவது சொல்லு அவகிட்ட."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள். வார் சிக்கிக்கொண்டது. வெகுநேரம் அதையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.