ஆரன் அடித்தேன் என்றவன்

எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் போக ஏரிக்கரைதான் வழி. மாட்டு வண்டி, சைக்கிள், ஆடு மாடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தொந்தி கரையச் சாயங்காலம் நடக்கிற டவுன் பெரிய மனிதர்கள் என்று எல்லாருக்கும் அந்த ஒரே கரை. அதனால் அதில் நடக்க ஒரு முறை உண்டு. தலைச்சுமையோடு போகிறவளால் கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னால் வருகிறவன்தான் குரல் கொடுக்க வேண்டும், மணியோ ஆரனோ அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் அவள் இடது பக்கம் ஒதுங்குவாள், அவன் வலது பக்கமாகத் தாண்டிப் போவான். கரைக்குக் கீழே வயலெல்லாம் ஆயில் எஞ்சின் ஓடுகிற நாளில் இது ரொம்ப முக்கியம். டுப் டுப் என்று அது போடும் சத்தத்துக்கும் புல்லட் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நெல் மண்டிக்காரர் மகன் வரதனுக்கும் தெரியும். எழுபத்தொன்பதில் அவனுக்குப் புது புல்லட் வந்தது. கூடவே திமிரும் வந்தது.

அடுத்து வந்த தை மாதம் நவரை நடவு. என் தங்கை கனகா தலையில் நாற்றுக்கட்டோடு நடந்துகொண்டிருந்தாள். நான் பத்தடி முன்னால் போனேன். பின்னாலிருந்து ஆரன் சத்தம் எதுவும் வரவில்லை. 'அம்மா' என்ற சத்தம்தான் வந்தது. என் கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினால், அவள் வரதனின் புல்லட் இடித்து ஏரிப் பக்கத்துக் கல்சரிவில் கிடக்கிறாள். தொடை எலும்பு இரண்டு துண்டு. மூன்று மாதம் படுத்த படுக்கை. எழுந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதற்கப்புறம் அவள் சேற்றில் இறங்கவே இல்லை.

பஞ்சாயத்து கூடியது. மூன்று தடவை ஆரன் அடித்தேன் என்று வரதன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். கற்பூரம் அணைத்த பிறகு வண்டியைச் சோதித்துப் பார்க்க யாரும் நினைக்கவில்லை. நான் இல்லையென்றேன். கூடப் பிறந்தவள் அப்படித்தான் சொல்லுவாள் என்றார்கள். வழி விடாதது கனகாவின் தப்பு என்று தலைவர் சடையப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து தெருப் பிள்ளைகள் அவளுக்கு 'செவிடு' என்று பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். கால் போனதற்கு அழாதவள் அதற்கு அழுதாள். அவளுடைய பேரை மீட்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வெறும் பேர் மட்டும் எனக்குப் போதாது. அவன் நடுங்குவதை நான் பார்க்க வேண்டும்.

பங்குனியில் ஒருநாள், மெக்கானிக் ரஹமத்துல்லா வீட்டுக்குக் கீரை கொடுக்கப் போனேன். அவர் பெண்சாதி ஜுனைதா கனகாவைப் பற்றி விசாரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒன்று சொன்னார். வரதன் வண்டியில் மார்கழியிலேயே ஆரன் செத்துவிட்டதாம். மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்று போய்விட்டானாம். இப்போது மாற்றவும் முடியாது. கடைவீதியில் அத்தனை பேர் கண்ணெதிரே ஆரன் மாற்றினால், அன்றைக்கு அது வேலை செய்யவில்லை என்று அவனே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வெளியூரில் மாற்றினாலும் புது ஆரன் பளபளவென்று காட்டிக் கொடுத்துவிடும். அவன் சொன்ன பொய்யே அவன் கையைக் கட்டிவிட்டது.

மண்டிக்காரரைப் பகைத்துக்கொண்டு ரஹமத்துல்லா சாட்சி சொல்ல வரமாட்டார் என்றும் சொன்னார். வரவேண்டாம் என்றேன். எத்தனை சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லி முடியாது.

ஆவணி நடவு வரைக்கும் காத்திருந்தேன். ஒருநாள் காலையில் தலைவரே புல்லட்டில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார், எட்டு மணி காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க. நாங்கள் பதினெட்டுப் பெண்கள், தலையில் கட்டோடு, நடுக்கரையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். வண்டி பின்னால் வந்து உறுமியது. ஒருத்தியும் ஒதுங்கவில்லை. வழி விடச்சொல்லிக் கத்தினான். கடைசி ஆளாக நடந்த நான் கழுத்தைத் திருப்பாமல் பதில் சொன்னேன்.

"ஆரன் அடி நைனா, ஒதுங்கிக்கிறோம்."

தலைவருக்குப் பஸ் போய்விடுமே என்ற அவசரம். "இன்னாடா பாத்துக்கினு கீற, அடியேன்" என்றார்.

அவன் அடிக்கவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தலைவரே எட்டிக் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. நேற்றுதான் கெட்டது என்று வரதன் முனகினான். மார்கழியிலிருந்து என்று நான் சொன்னேன். தலைவர் இறங்கிவிட்டார். பஸ்ஸை விட்டுவிட்டு நேரே ரஹமத்துல்லா கடைக்கு நடந்தார். தலைவரே வந்து முகத்துக்கு முகம் கேட்டபோது அந்த மனுஷரால் மறைக்க முடியவில்லை. எந்தக் கிழமை கெட்டது என்பது வரைக்கும் சொல்லிவிட்டார்.

மறுபடி பஞ்சாயத்து. தப்பு கனகாவுடையது அல்ல என்று தலைவர் ஊர் கேட்கச் சொன்னார். கற்பூரத்தை அணைத்துப் பொய் சொன்னவன் மேல் அவருக்கு எங்களைவிடக் கோபம். மண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, எது கேட்டாலும் கொடுப்பதாகச் சொன்னார். ஒன்றும் வேண்டாம் என்றேன். உங்கள் மகன் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மதகிலிருந்து கரைக்கோடியில் தண்ணீர் வழிகிற கலங்கல் வரைக்கும் நடக்கட்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, அது போதும் என்றேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், இது ஒரு தண்டனையா என்று.

"பின்னாடி நான் வண்டி ஓட்டிக்கினு வருவேன்" என்றேன். "குரல் குடுக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் சரியென்றார்.

மறுநாள் காலை ஊரே கரைச்சரிவில் நின்றது. கனகாவை வண்டியில் வைக்கோல் பரப்பி உட்கார வைத்திருந்தேன். வரதன் கண்ணெதிரே மாடுகளின் கழுத்து மணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கீழே வைத்தேன். தண்ணீர் சொட்டுகிற கட்டை அவன் தலையில் ஏற்றினார்கள். அவன் நடக்க ஆரம்பித்தான்.

நான் கயிற்றைத் தொடவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கீழே எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் பனைமரம் வரைக்கும் நேராகப் போனான். அப்புறம் இடது பக்கம் ஒதுங்கினான். உடனே வலது பக்கம் ஓடினான். ஏதோ வந்துவிட்டது என்று நினைத்திருப்பான், நடுவில் நின்று தோளைக் குறுக்கிக்கொண்டான். எதுவும் வந்து இடிக்கவில்லை. மறுபடி முன்னால் நடந்தான். அவன் கால்கள் உதறுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

கனகா என் கையைப் பிடித்தாள்.

"போதும்க்கா. வண்டி வரலன்னு அவன்கிட்ட சொல்லிடு."

கரை இன்னும் பாதிக்குமேல் இருந்தது. நான் அவனுக்குக் குரல் கொடுக்கவில்லை. இறங்கி, மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்து, சரிவில் மேய விட்டேன்.