மிச்சமிருந்த சொட்டு மருந்து

கண்புரை ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிந்ததிலிருந்து ஆரோக்கியதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. சிங்காநல்லூர் மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர், கண் வைத்தியமும் கைவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். மிச்சமிருந்த சொட்டு மருந்தை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருந்தார்.

வீட்டில் வளர்த்த பூனை வெள்ளச்சிக்கு ஒருநாள் இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிந்தது.

"மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமுங்க" என்றாள் மனைவி இருதயம்மாள்.

"பூனையத் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும். என்ற கண்ணையே தொறந்த மருந்து, இதுக்குப் போதாதா?"

பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து ஒரு சொட்டு. அடுத்த சொட்டுக்குப் பத்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிக்கும்வரை இடைவெளி. ஆஸ்பத்திரி நர்ஸ் அவருக்குச் சொன்ன ஐந்து நிமிஷத்தை அவர் அப்படித்தான் அளந்தார். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. தெருவெல்லாம் பெருமை பேசினார்.

நாலாம் நாள் வலது கண்ணில் கழுநீர் ஊற்றினாற்போல வெள்ளை படர்ந்தது. அவர் சொட்டைக் கூட்டினார். ஏழாம் நாள் வெள்ளச்சி கதவுநிலையில் போய் முட்டிக்கொண்டது. இருதயம்மாள் பூனையை ஒயர் கூடையில் வைத்து பஸ் ஏறினாள். இவரும் பின்னாலேயே ஓடி ஏறினார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வரலட்சுமி டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வலது கண்ணு போயிருச்சுங்க. எடுத்தாகணும். இடதுலயும் புண்ணு இருக்குது. வீட்ல ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

"ஒண்ணும் ஊத்தலீங்க" என்றார் ஆரோக்கியதாஸ்.

இருதயம்மாள் அவரைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவள், வாயைத் திறக்கவில்லை.

"இத்தன சீக்கிரம் இப்படி அரிக்காதுங்களே. என்ன காரணம்னு தெரியலைன்னா அந்தக் கண்ணும் தங்குமான்னு சொல்ல முடியாதுங்க."

ஆரோக்கியதாஸ் மத்தியான வேளைச் சொட்டுக்காகச் சட்டைப்பையில் எடுத்து வந்திருந்த பாட்டிலை மேஜையில் வைத்தார்.

"ரெண்டு கண்ணுலயும் ஊத்திப்போட்டேனுங்க. காலைல வரைக்கும்."

டாக்டர் லேபிளைப் படித்தார். "இது ஆபரேஷன் பண்ணின கண்ணுல வீக்கம் வத்தறதுக்குங்க. புண்ணுல ஊத்துனா சிவப்பை மறைச்சுப்போட்டு, புண்ணை வளர உட்ரும். இப்பவாச்சும் சொன்னீங்களே பெரியவரே."

வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த 'இப்பவாச்சும் சொன்னீங்களே'தான் சுருக்கென்று தைத்தது.

வலது கண்ணை எடுத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். இடது கண்ணுக்குப் புது மருந்து, ஒரு நாளைக்கு ஆறு வேளை.

"நீயே ஊத்து இருதயம். என்ற கை ஆகாது" என்றார் அவர்.

அவள் பிடித்தாள். வெள்ளச்சி திமிறி, கையைப் பிராண்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் பாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல வெளியே வந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்து அவர் மடியில் ஏறியது. தையல் போட்ட முகத்தை அவர் கைக்கு நேராகத் தூக்கிக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தது.

ஆரோக்கியதாஸ் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அது காத்துட்டு இருக்குதுங்க" என்று மருந்தை அவர் கையில் கொடுத்தாள் இருதயம்மாள்.