ஒன்பதாம் நாள் தண்ணீர்

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். மாதத்தில் முப்பது நாள் கிடக்க, பாவடித் தெருவுக்குத் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்.

ராஜகுமாரி நோட்டீசை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, சமுதாயக் கூடம், பொதுச் சுகாதாரத் திட்டம் பற்றி மக்கள் கருத்துச் சொல்லலாம். தெருவில் இருக்கிற அறுபத்திரண்டு வீட்டில் ஒரு பொம்பளைகூட அன்றைக்குக் குழாயடியை விட்டு நகர மாட்டாள். கருத்தை யாரிடம் கேட்பார்களாம், நாற்காலியிடமா?

பாவடித் தெரு சங்கரன்கோவிலின் கிழக்கு ஓரம். தபால் சங்கரன்கோவில் பேருக்கு வரும், கோயிலும் சந்தையும் சங்கரன்கோவிலில்தான். தண்ணீர் மட்டும் மஞ்சணத்திக்குளம் பேரூராட்சியின் தயவு. ஒன்பது நாளைக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம். அதைப் பிடித்து வைத்துத்தான் அடுத்த ஒன்பது நாள் குடிக்க வேண்டும், பொங்க வேண்டும், பிள்ளைகளைக் கழுவ வேண்டும்.

ராஜகுமாரிக்கு அதே பேரூராட்சியில் கொசு ஒழிப்பு வேலை. எட்டு வருஷமாக ஒப்பந்தம். கையில் டார்ச்சும் வெள்ளைக் கிண்ணமுமாக வீடு வீடாகப் போய், டிரம்மில் முகந்து, புழு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் பாத்திரத்தையெல்லாம் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைக்கச் சொல்ல வேண்டும். ஒன்பது நாள் தண்ணீரை ஏழாம் நாள் எப்படிக் கவிழ்ப்பது? எட்டு வருஷமாக அவளும் சொல்கிறாள், அவர்களும் தலையை ஆட்டுகிறார்கள். அவள் தலையைக் கண்டதும் டிரம்மை ஒளித்துவைப்பார்கள். பக்கத்து வீட்டு மீரா பீவி கட்டிலுக்கடியில் தள்ளி, மேலே பழைய சேலையைப் போர்த்திவிட்டு, "சீர் சாமான்ட்டி" என்பாள்.

புதுத் திட்டத்தில்தான் விஷயம் கடுமையாகிவிட்டது. புழு கண்ட வீட்டுக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டுவார்கள். தாள் ஒட்டிய வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். தண்ணீர் வராததால் சேர்த்து வைக்கிறவர்களுக்கு, சேர்த்து வைத்ததால் தண்ணீரை நிறுத்துவது! ஒட்டுகிற கை யாருடையது? ராஜகுமாரியுடையது. விடிந்து எழுந்தால் அந்தப் பெண்கள் முகத்தில்தான் அவள் விழிக்க வேண்டும்.

சுகாதார ஆய்வாளர் சண்முகையாவிடம் போய்ச் சொன்னாள். "சார், திட்டத்துல ஒரே ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. நாலு நாளைக்கு ஒருக்க தண்ணி விட்டுட்டு அப்புறமா தாள் ஒட்டுங்க."

"அதை மக்கள் சொல்லணும்மா. அதுக்குத்தான் கூட்டம். அம்பது பேரைக் கூட்டிட்டு வா."

"அன்னைக்குத் தண்ணி முறை சார். நாளை மாத்துங்க."

"நோட்டீஸ் அடிச்சாச்சும்மா" என்றார், அது கல்லில் வெட்டிய எழுத்து மாதிரி.

ராஜகுமாரி விடவில்லை. தொட்டியைத் திறந்துவிடுகிற ஆவுடையப்பனிடம் போய் நின்றாள். "அண்ணாச்சி, அன்னைக்கு ஒருநாள் மட்டும் தண்ணிய மத்தியானம் தொறந்து விடுங்க."

அவர் காதைக் குடைந்தபடி யோசித்தார். "ஒரு மணி வரைக்கும் பொறுப்பேன் தாயி. அதுக்கு மேல அடுத்த தெரு முறை கெட்டுப்போவும், எனக்குச் செருப்படி விழும்."

ஒரு மணி போதும் என்று நினைத்தாள். பத்து மணிக் கூட்டம் பன்னிரண்டுக்கா முடியாது? வீடு வீடாக ஏறி இறங்கினாள். யார் பேசுவது என்பதும் முடிவாயிற்று. மீரா பீவிக்கு வெண்கலத் தொண்டை, விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். சொல்ல வேண்டியதை நாலு நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. எழுபது பொம்பளைகள். சண்முகையாவே அசந்துபோனார். வராத ஒரே ஆள் கூட்டத்தை நடத்த வேண்டிய அதிகாரி. தென்காசியில் வேறு கூட்டமாம். பத்தரைக்கு டீ வந்தது. பதினொன்றரைக்கு வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு கிழவி மடியில் கிடந்த வெற்றிலையை எடுத்து மென்றபடி, "மாப்பிள்ள இன்னும் வரலியாக்கும்" என்றாள். கூடம் சிரித்தது. ராஜகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஜீப் வந்தது. அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திட்டத்தின் முப்பத்திரண்டு பக்கத்தையும் வாசிக்க ஆரம்பித்தார். ஐந்தாம் பக்கத்தில் மீரா பீவி எழுந்து நின்றாள்.

"கருத்து கடைசியிலம்மா. முதல்ல முழுசாக் கேளுங்க."

உட்கார்ந்தாள். ஏழாம் பக்கத்தில் சிவப்புத் தாள் வந்தது, போனது. பதினோராம் பக்கம் பாதியில் யாரோ ஒருத்தியின் செல்போன் அடித்தது. அவள் காதில் வைத்தாள், உடனே எழுந்தாள்.

"ஏட்டி, தண்ணி வந்துட்டு!"

அவ்வளவுதான். நாற்காலிகள் உருண்டன, செருப்புகள் மாறிப் போயின. ஆவுடையப்பனைக் குற்றம் சொல்ல முடியாது, சொன்ன சொல்லுக்கு மேல் பத்து நிமிஷம் பொறுத்திருந்தார். வாசலில் மீரா பீவி ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். "மூணு பேரப்புள்ளைய இருக்குட்டி வீட்டுல" என்றாள், ஓடிவிட்டாள். அந்த வெண்கலத் தொண்டையில் அன்றைக்கு வந்தது அது ஒன்றுதான்.

ராஜகுமாரி தனியாக நின்றாள். வீட்டில் காலிக் குடங்கள் காத்திருந்தன. ஆனாலும் மேடையருகே போனாள். "சார், அவங்க சொல்ல வந்ததை நான் சொல்லுதேன்."

சண்முகையா குறுக்கே வந்தார். "நீ ஸ்டாஃப்மா. பொதுமக்கள் கருத்துல நீ வர மாட்ட."

"நான் இந்தத் தெருதான் சார். எனக்கும் அதே குழாய்தான்."

"இருக்கலாம். ஆனா ஸ்டாஃப்."

அதிகாரி மிச்சப் பக்கங்களை வாசித்ததாகக் குறித்துக்கொண்டார். எழுபது கையெழுத்து இருந்தது, எதிர்ப்பு இல்லை. திட்டம் ஏகமனதாக நிறைவேறியது. ராஜகுமாரிக்கு இவர்களைத் திட்டுவதா, ஓடினவர்களைத் திட்டுவதா என்று தெரியவில்லை. ஓடாமல் நின்ற தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் அவளுடைய ஆறு குடமும் டிரம்மும் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன. மீரா பீவி தன் வீட்டுப் படியில் சேலை நனைய உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் அடுத்த முறை. காலையில் ஆவுடையப்பன் சொல்லியனுப்பினார், மோட்டார் பழுது, இன்றைக்கு இல்லை. அதே காலையில்தான் சண்முகையா நூறு சிவப்புத் தாளும் ஒரு கட்டுப் படிவமும் கொடுத்து, "உன் தெருவுலயே ஆரம்பிம்மா" என்றார்.

ராஜகுமாரி தன் வீட்டு டிரம்மில் முகந்தாள். அடியில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். வெள்ளைக் கிண்ணத்தில் நாலைந்து நெளிந்தன. ஒரு தாளைப் பசை தடவித் தன் கதவில் ஒட்டினாள்.

மீரா பீவி பதறி வந்தாள். "என்னட்டி, உன் வீட்டுக்கே ஒட்டுத?"

"புழு இருக்கு, ஒட்டுதேன்."

மீரா பீவி கதவையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கட்டிலுக்கடியிலிருந்து டிரம்மைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. "இதையும் பாரு. பாத்துட்டு எனக்கும் ஒண்ணு ஒட்டு."

அதற்குப் பிறகு ராஜகுமாரி யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. அறுபத்திரண்டு வீட்டு டிரம்மும் தெருவுக்கு வந்தன. சில பெண்கள் தாளை வாங்கித் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். ஊரோடு மொட்டையடித்தால் யாருக்கு வெட்கம்? ராஜகுமாரி படியில் உட்கார்ந்து படிவங்களை எழுதினாள். புழு வளரக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கூட்டத்தில் சொல்லவிடாத விஷயத்தை ஒரே வரியாக அதில் எழுதினாள். ஒன்பது நாளைக்கு ஒரு முறை தண்ணீர். ஒன்பது நாளைக்கு ஒரு முறை தண்ணீர். அறுபத்திரண்டு தடவை எழுதி முடிக்கையில் விரல் வீங்கிவிட்டது.

மத்தியானம் சண்முகையா பைக்கில் வந்தார். தெருவைப் பார்த்தார். படிவத்தைப் புரட்டினார், முகம் வெளுத்தது. "இது மேலிடத்துக்குப் போற பேப்பர்மா. எல்லாத்துலயும் இதையே எழுதினா எப்படி? கவனக்குறைவுன்னு மாத்தி எழுது."

"நான் ஸ்டாஃப் சார்" என்றாள் ராஜகுமாரி. "ஸ்டாஃப் கண்டதைத்தான் எழுதணும்."

அவர் அடுத்த தாளைப் புரட்டினார், அதற்கடுத்ததையும் புரட்டினார். கூட்டத்தில் வாய் திறக்காமல் போன மீரா பீவி, இப்போது தெருக்கோடி வரை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அறுபத்திரண்டு கொழாயையும் இன்னைக்கே வெட்டுதீங்களா சார்? வெட்டிட்டுப் போங்க. தண்ணியே வராத கொழாய் இருந்தா என்ன, போனா என்ன?"

சண்முகையா பக்கத்திலிருந்த குழாயைப் பழக்கத்தில் திறந்து பார்த்தார். கொஞ்சம் காற்று வந்தது.