வெள்ளிக்கிழமைக் காளான்

நேற்று இரவு காளானை எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள் என்று தாதி மலாயில் கேட்டபோது, வேறு யாரிடமோ கேட்கிறாள் என்று நினைத்து ஜெசிகா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அவசரப் பிரிவின் நாற்காலி வரிசையில் அவள் கணவன் கிளாரன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய அம்மா அகத்தா, கண்ணை மூடி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஜெசிகா தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையுறையின் ரப்பர் அழுத்திய கோடு நெற்றியில் இன்னும் சிவப்பாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் மகள், ஆறு வயது ஜானிஸ், அழக்கூடத் தெம்பில்லாமல், மஞ்சளாக எதையோ வாந்தியெடுத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"நானா? நானா சமைச்சேன்?" என்றாள் தமிழிலேயே.

அகத்தா கண்ணைத் திறந்தாள். "பரவால்லமா. தெரியாமதான செஞ்ச. இப்ப யாரும் ஒன்ன ஏசல."

ஏசவில்லையாம். அந்தச் சொல் ஜெசிகாவின் காதில் கொசுவைப் போலச் சுற்றியது. நேற்று இரவு அவள் சமைத்தது பருப்பும் கீரையும். காளான் அவள் வீட்டு அடுப்பில் ஏறியது என்றால், இன்று, அவள் காலைச் சிப்டில் இருந்தபோதுதான். இந்த மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, பள்ளி இல்லை. கிளாரன்சுக்கும் விடுமுறை. அகத்தா இருப்பது அடுத்த தெருவில். பிள்ளையும் அவனும் மட்டும்தான் வீட்டில்.

கிளாரன்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டர் வந்தாள், ஓய்வில்லாத முகமுடைய இளம் மலாய்ப் பெண். பொறுமையாகத்தான் சொன்னாள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி வந்தால் பெரும்பாலும் குடலைப் புரட்டிவிட்டுப் போய்விடும். ஓர் இரவு சும்மா இருந்துவிட்டு மறுநாள் மாலை வாந்தி வருகிறது என்றால் அது வேறு ஜாதி. சத்தமில்லாமல் ஈரலுக்குப் போய் உட்காரும். நேற்று இரவு சாப்பிட்டதாக அப்பா சொல்கிறார், அதனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறோம், ஆம்புலன்ஸ் தயாராகிறது.

ஜெசிகா கிளாரன்சைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். 'ஈரல்' என்று டாக்டர் சொன்னபோது செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"சொல்லு," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனிடம் ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை.

"என்னா சொல்ல?"

"எப்ப சாப்டா?"

"ஜெசி, இங்க வேணாம்லா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஊசி புள்ள கையில ஏறுது, ஒன் கையில இல்ல. எப்ப சாப்டா?"

அகத்தா எழுந்தாள். "ஏம்மா, ஆம்பளைய இப்படி..."

"மாமி, ஒக்காருங்க."

அகத்தா உட்கார்ந்தாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"மத்தியானம்," என்றான் கிளாரன்ஸ், தன் செருப்பிடம் சொல்வதுபோல. "இன்னிக்கு மத்தியானம். நாந்தான் சமைச்சேன். கார்ட்டூன் பாத்துகிட்டே இருந்தா, படம் முடியறதுக்குள்ள வயிறு வலிக்குதுன்னா." பிறகு, "பயத்துல வாயில வந்துருச்சு ஜெசி. நேத்து நீ சமைச்சதுன்னு," என்றான்.

ஜெசிகா அதை மலாயில் சொன்னதும் டாக்டரின் முகம் ஒரு நூலளவு தளர்ந்தது. அப்படியென்றால் இங்கேயே வைத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை, இரண்டு வகை கலந்திருக்கலாம், மிச்சம் இருந்தால் பச்சையாகவும் சமைத்ததாகவும் கொண்டு வாருங்கள் என்றாள். ஜெசிகா காடிச் சாவியை அவன் சட்டைப்பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள்.

லூனாஸ் சாலையில் ஓட்டிக்கொண்டு போகும்போது கோபம் ஒரு பயணியைப் போலப் பக்கத்து இருக்கையில் இருந்தது. பயத்தில் வாயில் வந்ததாம். பயத்தில் வாயில் வருவது மாதாவின் பெயராக இருக்கலாம், கெட்ட வார்த்தையாக இருக்கலாம். இவனுக்குப் பெண்டாட்டி பெயர் வந்திருக்கிறது. சமைப்பவள் அவள்தான் என்பதால் எல்லாரும் நம்பியும் விட்டார்கள். போன வாரமும் இதே சண்டை. தவக்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டில் கறி மீன் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் பெரியவர்களுக்குச் மாலைச் சிலுவைப் பாதைச் செபம் முடியும்வரை ஒருசந்தி நோன்பு. கறி இல்லாத நாற்பது நாளில் இவர்களுக்கெல்லாம் காளான்தான் ஆடு. மிளகு போட்டுப் பிரட்டிவிட்டால் எலும்பு மட்டும்தான் குறை என்பாள் அகத்தா. காய்ந்து கிடந்த ஊரில் முதல் மழை பெய்ததும், குடியிருப்புத் திடலான தாமான் பாடாங்கில் குடை குடையாக முளைத்ததைக் கிளாரன்ஸ் வாரிக்கொண்டு வந்தான். ஜெசிகா அவன் கூட்டாளிகள் முன்னாலேயே அதைச் சாக்கடையில் கொட்டினாள்.

"இது என்னான்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அன்று.

"புத்துக் காளான்லா. நாங்க சின்னதுல பொறுக்கித் தின்ன எடம் இது. பாடாங் இருக்கற எடத்துலதான் எங்க தோட்டத்து லயத்து வீடே இருந்துச்சு. அதே மண்ணு."

அதே மண்ணு. ரப்பர் மரத்தை வேரோடு பிடுங்கி, புற்றை இடித்து, லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, எங்கிருந்தோ பாய் பாயாகப் புல்லைக் கொண்டுவந்து விரித்த பிறகும் அவனுக்கு அது அதே மண். சந்தேகமா, பூண்டும் அரிசியும் போட்டு வேக வை, கறுத்தால் விஷம், வெளுப்பாக இருந்தால் சாப்பிடு என்று கூட்டாளிகளுக்குப் பாடம் வேறு எடுத்தான். கொட்டியது அவனுக்குச் சுட்டிருக்கிறது. அதனால்தான் இன்று, அவள் இல்லாத நேரம் பார்த்து.

வீட்டுக்குள் பிரட்டல் வாசனை இன்னும் நின்றது. நல்ல வாசனை, அதுதான் கொடுமை. சிங்கில் ஒரு சின்னச் சட்டி. அதன் அடியில் பூண்டுப் பற்களும் கொஞ்சம் அரிசியும், முத்துப்போல வெள்ளை வெளேரென்று. மேசைமேல் மூடி வைத்த மூன்று கிண்ணங்கள். ஒன்று அகத்தாவுக்கு, ஒன்று அவனுக்கு, ஒருசந்தி முடிந்து சாப்பிட. மூன்றாவது அவள் சிப்டுக்குக் கொண்டுபோகும் டிபன் கிண்ணம், ஒருசந்தி என்பதால் இன்று வீட்டிலேயே இருந்தது. அதில் மற்ற இரண்டையும்விட அதிகமாக அள்ளி வைத்து, மேலே கறிவேப்பிலையும் தூவியிருந்தான். ருசி பார்த்துவிட்டு அவள் தோற்றுப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். பெரியவர்கள் எல்லாரும் பசியோடு காத்திருக்க, ஒருசந்தி இல்லாத ஒரே ஆள் முதலில் சாப்பிட்டிருக்கிறாள்.

சமைக்காத நான்கைந்து காளான்கள் பின்வாசலில் நாளிதழ்மேல் கிடந்தன. ஜெசிகா ஒன்றைத் திருப்பினாள். புத்துக் காளான் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் மண்ணுக்குள் ஆழமாக ஓடும் வேர் அதற்கு உண்டு என்று கிளாரன்சே எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறான். இதில் வேர் இல்லை. தண்டின் அடி வெங்காயம்போல உருண்டு முடிந்திருந்தது. தண்டில் ஒரு வளையம், விரலால் தள்ளினால் மோதிரம்போல நகர்ந்தது. குடைக்கு அடியிலிருந்த மடிப்புகள் பூசணம் பிடித்த ரொட்டிபோலப் பச்சையாக மாறிக்கொண்டிருந்தன. அவனும் இதைத் திருப்பிப் பார்த்துத்தான் இருப்பான். பார்த்துவிட்டுப் பூண்டை நம்பியிருக்கிறான்.

எல்லாவற்றையும் காகிதப் பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது பாடாங்கில் ஓர் ஆள் குனிந்திருப்பது தெரிந்தது. கடைசி வரிசை வீட்டு மருதம்மாள். கையில் சிவப்பு பிளாஸ்டிக் பை. ஜெசிகா காடியை நடுச்சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"அக்கா! கீழ போடுங்க அத!"

"ஏம்மா, பாடாங்க நீ வாங்கிட்டியா? வேணும்னா பாதி எடுத்துக்க."

"வெசம்கா அது. ஜானிஸ் ஆஸ்பத்திரில கெடக்குறா."

மருதம்மாளின் கை பைக்குள்ளேயே நின்றது. "ஒன் வீட்டுக்காரருதானம்மா தாமான் வாட்சப் குரூப்புல போட்டாரு? பூண்டு போட்டுப் பாத்தேன், ஒண்ணுமில்லன்னு? போட்டோவெல்லாம் போட்டு, ஆட்டுக்கறி தோத்துச்சுன்னு..."

"எப்ப?"

"மத்தியானம். அதுக்கப்பறம் எத்தன பேரு வந்து பொறுக்குனாங்க தெரியுமா. எனக்கு இந்த மிச்சந்தான் கெடச்சுச்சு."

ஜெசிகா அவள் கையிலிருந்து பையைப் பிடுங்கிப் புல்லில் கவிழ்த்து, தொழிற்சாலைச் சப்பாத்தால் மிதித்தாள். காளான்கள் ஈரமாக நசுங்கின. மிதித்து முடித்தும் கால் நிற்கவில்லை. "போதும்மா, போ, புள்ளயப் போய்ப் பாரு. நான் நாலு வீட்டுக் கதவத் தட்டறேன்," என்று மருதம்மாள்தான் அவள் தோளைப் பிடித்துக் காடிப் பக்கம் திருப்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காளான்களைப் படமெடுத்து யாருக்கோ அனுப்பினாள். விடியும்வரை இரத்தம் எடுத்து எடுத்துப் பார்ப்போம், இப்போதைக்கு ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாள். இப்போதைக்கு என்ற சொல்லை ஜெசிகா பிடித்துக்கொண்டாள், பிடிக்க வேறு எதுவும் இல்லாததால்.

ஜானிசை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கட்டில் திரைக்கு வெளியே நின்ற கிளாரன்சிடம் அவனுடைய போனையே எடுத்து நீட்டினாள். தாமான் குரூப்பில் அவன் படத்துக்குக் கீழே கைதட்டல்கள், கட்டைவிரல்கள். யாரோ ஒருவர் தன் வீட்டுச் சட்டியைப் படமெடுத்துப் போட்டிருந்தார். பூண்டு வெள்ளையாக இருந்தது.

"படத்த அழிச்சிட்டேன்னா போதும்ல?"

"சாப்டாதீங்கன்னு சொல்லு. எழுதாத. பேசு. ஒன் கொரல்ல."

"சரி, எழுத மாட்டேன்." அவன் மைக்கை அழுத்தினான். "வணக்கம், எங்க வீட்டுல ஒரு சின்ன..."

"எங்க வீட்டுலன்னு இல்ல. நான்னு சொல்லு."

அவன் விரலை எடுத்து அழித்தான். முகத்தைத் துடைத்தான். மீண்டும் அழுத்தினான். வினாடிகள் ஓடத் தொடங்கின. அவன் போனை வாயருகே கொண்டுபோனான்.

திரைக்கு உள்ளே ஜானிஸ், "தண்ணி," என்றாள். அகத்தா எழும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், கரண்டி கண்ணாடிக் கோப்பையில் படும் சத்தம். "மெதுவா கண்ணு. ஒரு வாய் மட்டும்." குழந்தை விழுங்கினாள். இருமினாள். மறுபடி விழுங்கினாள்.

கிளாரன்சின் கட்டைவிரல் மைக்கிலேயே இருந்தது. ஜெசிகா அதை எடுக்கச் சொல்லவில்லை. போன் திரையில் சிவப்புப் புள்ளி, குழந்தையின் இருமலையும் பதிந்துகொண்டு, மினுங்கிக்கொண்டே இருந்தது.