இடது காலுக்குத் தொண்ணூறு

காலை ஜெபம் முடிந்ததும் என் கணவர் இரண்டு கால்களையும் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் தூக்கி வைப்பார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, முந்தின இரவு அவர் பாதங்களில் ஒட்டிய, உடம்பின் நச்சை உறிஞ்சுமாம் என்கிற டீடாக்ஸ் பேடுகளை ஓரத்தில் கிள்ளி மெதுவாக உரிப்பேன். வலது பாதத்துப் பேட் கஷாய வண்டல் மாதிரி கறுத்துப் பிசுபிசுவென்று வரும். புகையேறிய வினிகர் வாடை அடிக்கும். அதை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மார்க் போடுவார். வேதசிரோமணி சார் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மார்க் போடாமல் எதையும் விடமாட்டார், என் சாம்பார் உட்பட. பேட் எவ்வளவு வெளுத்து வருகிறதோ அவ்வளவு மார்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"வலது, அம்பத்தஞ்சு. போன மாசம் ஜஸ்ட் பாஸ்தான். பரவால்ல, தேறிட்டான்."

இடது பேடை நான் உரித்ததும் இரண்டு பேருமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உறையிலிருந்து எடுத்தபோது இருந்த அதே வெள்ளை. ஒரு துளி கறை கிடையாது.

"தொண்ணூறு," என்றார்.

"இதுக்கு நூறு போடக் கூடாதா?"

"நூறு போட்டா பையன் கெட்டுப் போயிடுவான் ரத்தினம்."

சிரித்தோம். அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. எங்கள் வீட்டில் பயம் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது, அவருடைய அண்ணன் ஆரோன் அத்தான் போன நாளிலிருந்து. அத்தானுக்கும் சர்க்கரைதான். சுண்டுவிரலில் புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் திரும்பி வந்தார். அப்புறம் எட்டு மாதம்தான் இருந்தார். அதற்குப் பிறகு இவர் டாக்டரிடம் போவதையே விட்டுவிட்டார். நாலு வருஷத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவார். மகள் ஜெரூஷா கோவிலம்பாக்கத்திலிருந்து வரும்போதெல்லாம் கெஞ்சுவாள். "போனா வெட்டுவான்மா," என்பார், அதோடு பேச்சு முடியும். நான் அவரை வற்புறுத்தியதில்லை. உண்மையைச் சொன்னால் அவரைவிட எனக்குத்தான் பயம் அதிகம். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிளாஸ்க்கோடு நின்றவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் ஞானசௌந்தரி அக்கா எழுந்து சாட்சி சொன்னார். சங்கத்தில் கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வது வழக்கம். அக்கா தன் போனில் நாலு போட்டோ காட்டினார். முதல் வாரம் பேட் கறுப்பு, இரண்டாம் வாரம் காப்பிப் பொடி, நாலாம் வாரம் மணல் நிறம். உடம்பிலிருக்கிற நச்செல்லாம் பாதம் வழியாக இறங்குகிறதாம். "கண்ணால பார்க்குறோம்ல, அப்புறம் என்ன?" என்றார். அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். டாக்டர் வேண்டாம், கத்தி வேண்டாம், வீட்டிலேயே உட்கார்ந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

பேடோடு நான் நிற்கவில்லை. அவர் குதிகாலில், அதிலும் இடது குதிகாலில், தோல் வறண்டு கோடு கோடாக வெடித்திருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். தேங்காய் எண்ணெயில் மெழுகுவர்த்தியை உருக்கி வெதுவெதுப்பாகத் தடவினேன். சில நாள் சூடு என் விரலுக்கே தாங்காது. அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். என்ன பொறுமை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கேம்ப் ரோடு வரை காய்கறி வாங்கப் போனவர் இடது கால் செருப்பில்லாமல் திரும்பி வந்தார். எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. வாசலில் நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். "லூஸ் செருப்பு," என்றார். நானும் அந்தச் செருப்புக் கம்பெனியை நாலு வார்த்தை திட்டிவிட்டு, குரோம்பேட்டைக்குப் போய் வார் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

வெள்ளைப் பேட் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சங்கத்தில் நான் எழுந்து நின்றேன். மைக் முன்னால் எனக்கு எப்போதும் வாய் குழறும். அன்றைக்குக் குழறவில்லை. "எங்க வூட்டுக்காரருக்கு இடது கால் சுத்தமா வெள்ளையாயிடுச்சு. விஷமெல்லாம் இறங்கிடுச்சு. ஸ்தோத்திரம்," என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து ஏஞ்சல் எழுந்து வந்து, தன் அப்பாவுக்கும் சர்க்கரைதான் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு இரண்டு டப்பா நானே சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். சமையல் மேடையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பேட் டப்பாவை அங்கேதான் வைத்திருந்தேன், ஒன்று உறை பிரிந்து வெளியே கிடந்தது. களைந்த தண்ணீர் தெறித்ததை நான் கவனிக்கவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் அந்தப் பேட் கறுத்திருந்தது. அதே வண்டல், அதே பிசுபிசுப்பு, அதே வாடை. அந்தப் பேட் எந்தக் காலையும் பார்த்ததில்லை.

ஞானசௌந்தரி அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, தண்ணி பட்டாலே கறுக்குதே?"

"அது தண்ணியில இருக்கிற விஷம்மா. பைப்புல என்னென்ன கலந்து வருதோ! அதைக்கூட இழுத்துடுது பாத்தியா?"

இன்னொரு பேடில் கேன் தண்ணீர் நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன். கறுத்தது. கொதித்து ஆறிய தண்ணீரிலும் கறுத்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கம். அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்து நின்றேனே, ஏஞ்சலிடம் என்ன சொல்வேன் என்று முகம் எரிந்தது. சரி, ஏமாந்தோம், போகட்டும் என்று டப்பாவோடு தூக்கிப் போடக் குப்பைக்கூடை மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் கை நின்றது. ஈரம் பட்டால் கறுக்கிற சமாச்சாரம் இது. அப்படியென்றால் வலது காலில் பேடைக் கறுக்க வைத்தது வியர்வை. அடைமழை மாதத்திலும் வியர்க்கிற இந்த ஊரில், ஒரு ராத்திரி முழுக்க ஒட்டிவைத்தும் இடது காலில் ஏன் கறுக்கவில்லை?

ஆரோன் அத்தானுக்குக் கட்டுப் போட வந்த நர்ஸம்மா சொன்னது திடீரென்று காதில் கேட்டது. நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். "காலு எப்படிக் காய்ஞ்சு கிடக்குது பாருங்க. வேர்வையே நின்னு போயிருக்கும், நரம்பு போயிட்டா அப்படித்தான். அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்மா." அன்றைக்கு அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். இத்தனை வருஷம் அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

உலை பொங்கி அடுப்பு அணைந்தது. கேஸை மூடினேன். செருப்பு. கைக்கே தாங்காத மெழுகு. வலது காலின் அம்பத்தைந்து, அதுவும் காய்ந்துகொண்டுதான் வருகிறது. போன மாதம் முப்பத்தைந்துதானே, தேறிக்கொண்டு வருகிறான் என்று நேற்றுத்தானே சிரித்தோம்.

ஹாலில் அவர் கால்களை ஸ்டூலில் நீட்டி, பேப்பரில் எண் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, கொஞ்சம் கண்ணை மூடுங்க. நான் எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லணும்."

"என்ன, வயசான காலத்துல விளையாட்டு?"

"டெஸ்ட்டுன்னு வச்சுக்குங்க."

டெஸ்ட் என்றதும் பேப்பரை மடித்துவிட்டார். கண்ணை மூடி, ஜெபத்துக்கு உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டார். வலது காலின் கட்டைவிரலைத் தொட்டேன்.

"கட்டைவிரல்."

சுண்டுவிரலைத் தொட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சுண்டு... சுண்டுவிரல்தான். ஃபுல் மார்க்கா?"

"ஃபுல் மார்க்," என்றேன்.

"அடுத்து நம்ம தொண்ணூறு. கேளு, கேளு."

இடது காலின் கட்டைவிரலைப் பிடித்தேன். வழவழவென்று காய்ந்து, குளிர்ந்து கிடந்தது. ஆண்டவரே, சொல்லிவிடட்டும், ஒரே ஒரு வார்த்தை. அவர் முகத்தைப் பார்த்தேன். கேள்விக்குக் காத்திருக்கிற முகம். அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். பிறகு நகத்தால்.

"என்ன ரத்தினம், கேள்வியையே காணோம்? தொடு."

இன்னொரு கையால் சோபாவில் கிடந்த போனைத் தேடினேன். ஜெரூஷாவின் பெயர் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"கண்ணைத் திறந்துடவா?"

"திறக்காதீங்க," என்றேன். "இன்னும் தொடல."

அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். அவர் விரலில் பதிந்திருந்த என் நகம், அழுத்தின அழுத்தத்தில், ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது.