வெர்னாவுக்கு ஓர் இலவச அறை

நான் கூப்பிட்டால் வெர்னா போனை எடுத்துவிடுவார். அதுதான் கஷ்டம். எடுத்ததும் என் முழங்கால் வலியைத்தான் முதலில் விசாரிப்பார்.

இந்த நினைப்போடு மைட்டே நாற்காலியை விட்டு எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலில் வெர்னாவின் பெயரைக் காலையில் பார்த்ததிலிருந்து இதே கதை. ஒருமுறை ஓட்டலின் சூதாட்டக் கூடத்தைச் சும்மா சுற்றிவிட்டும் வந்தாயிற்று. பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் வரிசை வரிசையாக, ஆளில்லாமல் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தன. காபி கடையில் இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்த டோரீன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"கர்டிஸ் வந்திருக்கானாமே. ஒண்ணு கேக்கை வெட்டுவான், இல்லேன்னா கழுத்தை வெட்டுவான். இன்னிக்கு எது?"

கேக் எதுவும் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் மைட்டே.

வடக்கு நெவாடாவின் சின்ன ஊர்களில் கம்பெனிக்கு இருக்கும் நாலு ஓட்டல்களையும் கர்டிஸ்தான் ரெனோவிலிருந்து பார்த்துக்கொண்டான். அவளை விட வயதில் இளையவன். அதில் எல்கோ ஊர் ஓட்டலில் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் பேசி, அறை கொடுத்து, பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பி, திரும்பத் திரும்ப வரவழைப்பது மைட்டேயின் வேலை. உலகமே வந்து கொட்டிவிட்டுப் போகும் லாஸ் வேகஸ் அல்ல இது. சுரங்கத்துக்காரர்கள், பண்ணைக்காரர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வாராவாரம் இயந்திரத்தில் விட்டுப்போகும் பணத்தில்தான் இந்தக் கூரை நிற்கிறது. வார நாளில் காலியாகக் கிடக்கும் அறையைச் சும்மா கொடுத்தால் கம்பெனிக்கு ஆகும் செலவு துவைத்த விரிப்பும் ஒரு சோப்பும்தான். அங்கே தூங்குகிறவர் கீழே இறங்கி வந்து எவ்வளவு விடுவார் என்பதைக் கணினி முன்கூட்டியே சொல்லிவிடும். அதைப் பார்த்துத்தான் வெறும் அறையா, அறையோடு இறைச்சி விருந்துமா என்று முடிவாகும்.

மார்ச்சுக்குள் வார நாட்கள் நிரம்பாவிட்டால் காபி கடையை ராத்திரியில் மூடிவிடுவார்கள் என்றான், அவள் அறைக்கு வந்த கர்டிஸ். எல்கோவுக்கும் இன்னொரு ஊரான வின்னமக்காவுக்கும் சேர்த்து மைட்டேயின் வேலைக்கு ஒரே ஆள் போதும் என்றும் மேலே பேச்சு அடிபடுகிறதாம். மிரட்டலாகச் சொல்லவில்லை, அவனுக்கும் அதில் வருத்தம் இருந்தது. பிறகு திரையில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினான். வெர்னா டாலிவர்.

"போன வருஷம் அந்த ஹீட்டர் விஷயம் செஞ்சீங்களே, மீட்டிங்ல எல்லாருக்கும் அதைத்தான் உதாரணமாச் சொன்னேன். மூணு நாள் ரூமுக்கு அவ்வளவு பணம் திரும்பி வந்தது வேற எங்கயும் கிடையாது."



போன வருஷக் கடுங்குளிரில் வெர்னா வீட்டு ஹீட்டர் நின்றுபோனது. பழுது பார்க்க யாரைக் கூப்பிடலாம் என்று கேட்கத்தான் அவர் போன் செய்தார். இங்கேயே வந்து தங்குங்கள் என்றாள் மைட்டே. சாலை மூடினால் அறை, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வெளியூர் உறவினர்களுக்கு அறை; ஓட்டலில் வேலை செய்பவர்கள் இந்த ஊரில் அப்படித்தான் கைகொடுப்பார்கள். அன்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. ஹீட்டர்காரர் வந்து சேர்வதற்குள், அவருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தையும் அதற்கு மேலும் வெர்னா இயந்திரத்தில் விட்டிருந்தார்.

வசந்தத்தில் மளிகைக் கடையில் பார்த்தபோது வெர்னா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். முட்டைப் பெட்டியைத் திறந்து உடைசல் இருக்கிறதா என்று பார்த்தபடியே சொன்னார்.

"இனிமே நீ கூப்பிடாத, கண்ணு. நீ கூப்பிட்டா நான் வந்துடுவேன்."

வாருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் நான் திரையைப் பார்த்தேனா? அந்தக் கேள்வி அதன்பிறகு மைட்டேயை விடவில்லை. வெர்னாவின் பெயருக்கு எதிரே அறைக்கு அனுமதி உண்டு என்று அது சொன்னதால்தான் இரக்கம் அத்தனை சுலபமாக வந்ததா? பார்த்த ஞாபகமும் இல்லை, பார்க்காத ஞாபகமும் இல்லை. கை தானாகச் செய்யும் காரியம் அது.

வெர்னா சொன்னதை மைட்டே இப்போது கர்டிஸிடம் சொன்னாள். அழைக்க வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டான். இல்லை. அப்படியானால் தடை எதுவும் இல்லையே என்றான். ரெனோவிலிருந்து ஆட்கள் கூப்பிட்டுப் பார்த்தார்களாம், அவர் எடுக்கவேயில்லையாம்.

"உங்க நம்பர்னா எடுப்பாங்க. ஒரு ரூம், ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். புருஷனும் போயிட்டார், தனியா கிடக்கிறாங்க. நாலு முகத்தைப் பார்த்த மாதிரியும் இருக்குமில்ல?"

இருக்கும். அதில் பொய்யே இல்லை. இங்கே வந்தால் வெர்னா வாய்விட்டுச் சிரிப்பார், டோரீனோடு வம்பளப்பார், ரெண்டு தரம் காபி கேட்பார். மைட்டே தன் போனைக் கையில் எடுத்தாள். காபி கடைப் பக்கமிருந்து டோரீனின் குரல் கேட்டது. யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தாள். அந்த ராத்திரி வேலையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. வெர்னாவின் பெயர் திரையில் வந்து நின்றது. தொட்டால் போதும்.

அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"வேற யாரை வேணும்னாலும் கூப்பிடுறேன் கர்டிஸ். இவங்களைக் கூப்பிட மாட்டேன்."

அவன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான்.

"யோசிச்சுப் பாருங்க. நாளைக்குப் பேசுவோம்."

"நாளைக்கும் மாட்டேன்," என்றாள் மைட்டே.