பெரிய சைஸ் டி-சர்ட்

ரேணுகாவின் வலது கால் இடுப்பிலிருந்து குதிகால் வரை கடுத்தது. தகடு வெட்டுகிற பவர் பிரஸ் மெஷினின் பெடலை மிதிக்கிற கால் அது. காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை இரண்டாயிரத்துச் சொச்சம் மிதித்திருந்தாள். ஒரு மிதிக்கு ஒரு வாஷர். உட்கார்ந்தால் எழும்போது உயிர் போகும் என்பதால், பெரிய கம்பெனியின் செக்யூரிட்டி அறை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தொடாமல், இடது காலில் பாரத்தைப் போட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உக்காரும்மா. நீ நிக்கிறதப் பாத்தா எனுக்குக் கால் வலிக்குது" என்றார் காவலாளி சண்முகசுந்தரம்.

"உக்காந்தா எய்ந்திரிக்க நீதான் கை குடுக்கணும் அண்ணாத்தே. சார் வருவாரா மாட்டாரா?"

"மீட்டிங்ல கீறாரு."

"ஒரு மணிக்கும் மீட்டிங்குன்ன, ரெண்டு மணிக்கும் மீட்டிங்குன்ற. அந்த மனுசன் சோறு துன்ன மாட்டாரா?"

"மீட்டிங்குலயே துன்னுவாரு. பிஸ்கோத்து."

ரேணுகா சிரித்தாள். சிரித்தபோது இடுப்பில் சுரீரென்றது. இந்த வாசலுக்கு அவள் வருவது இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போகிறது. அரை நாளுக்கு இருநூற்று நாற்பது ரூபாய்.

மண்ணூர்பேட்டையில் அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஆடி மாதத்துக் கூழ் அண்டாக்களை வைக்கிற இடம். மூன்று வருடமாக அங்கே மாலை வகுப்பு நடக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஓவர்டைம் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது என்று ரேணுகாவும் இன்னும் நாலு பெண்களும் ஆரம்பித்தது. இப்போது முப்பத்திரண்டு பிள்ளைகள். அதில் ஐந்து பேர் பத்தாம் வகுப்பு. ரேணுகாவின் மகள் பானுப்பிரியா அந்த ஐந்தில் ஒருத்தி. காலாண்டில் கணக்கில் இருபத்திரண்டு வாங்கியவள் அரையாண்டில் முப்பத்தெட்டு வாங்கியிருந்தாள். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ரேணுகா யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவளுடைய பட்டறையில் வலது பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிற, பத்தாவதில் தோற்ற பெண்ணுக்குப் பதினெட்டு வயது.

பாடம் சொல்லிக்கொடுப்பது சௌம்யா. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்தவள். மாதம் மூவாயிரம். அந்தப் பணம் சனிக்கிழமை டப்பாவிலிருந்து வந்தது. தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறைகளுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். கவரை வாங்கிக்கொண்டு நேராக யூசுப் பாய் டீக்கடைக்கு வருவார்கள். டீக்குக் காசு கொடுக்கும்போது பக்கத்தில் இருக்கிற பெயின்ட் டப்பாவில் பத்து ரூபாய் போடுவார்கள். கல்யாணம் ஆகாதவனும் போடுவான். வாரத்துக்கு எழுநூறு, எண்ணூறு சேரும்.

போன நவம்பரில், குழந்தைகள் தினத்தன்று, இந்தப் பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு வண்டிகளில் ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பென்சில் பெட்டியும் கேக்கும் கொடுத்தார்கள். பிறகு கதவு அகலத்துக்கு ஓர் அட்டை செக்கை எடுத்தார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என்று எழுதியிருந்தது. ஒரு முனையைக் கம்பெனி அதிகாரி பிடித்துக்கொள்ள, மறுமுனையை ரேணுகா பிடித்துக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள். யாரோ மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"இனிமே யாரும் டப்பால காசு போட வாணாம்" என்று அவள் மைக்கில் சொன்னாள். "கம்பெனியே பாத்துக்கும். மூணு வருசம் போட்டீங்க, போதும். அந்தப் பத்து ரூபாய்க்கு உங்க புள்ளைக்கு முட்ட வாங்கிக் குடுங்க."

தெருவே கைதட்டியது. அடுத்த சனிக்கிழமை யூசுப் பாய் டப்பாவைக் கழுவி டீத்தூள் போட்டு வைத்துக்கொண்டார்.

அவள் காத்திருந்த கம்பெனி அதிகாரி வெங்கட் மூன்றே கால் மணிக்கு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. செக்யூரிட்டி அறையிலேயே உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டில் ஒன்று வரவழைத்துக் கொடுத்தார்.

"நான் ஏற்கெனவே சொன்னேனேம்மா. உங்க அமைப்பு ரிஜிஸ்டர் ஆகல. பான் கார்டு இல்ல. மூணு வருஷத்துக்கு ஆடிட் ரிப்போர்ட் வேணும். இதெல்லாம் இல்லாம அக்கவுண்ட்ஸ்ல பணம் ரிலீஸ் பண்ண மாட்டாங்க."

"பத்து ரூபா பத்து ரூபாயா வாங்கி டீச்சருக்குக் குடுக்குறோம். அதுக்கு இன்னா சார் ஆடிட்டு?"

"ரூல்ஸ்மா. என் கையில இல்ல."

"அப்ப அந்த அட்டைய ஏன் சார் குடுத்தீங்க?"

வெங்கட் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அது ஈவென்ட். சில்ட்ரன்ஸ் டே தேதிய மாத்த முடியாதில்ல. பேப்பர் வேலை பின்னாடி முடிச்சுக்கலாம்னு நெனச்சோம். நீங்க இப்ப ரிஜிஸ்டர் பண்ணுங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா பாக்கலாம்."

"அடுத்த மாசம் பரீட்சை சார்."

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது பின்னால் ஓர் ஆள் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். குழந்தைகள் தினத்துக்கு அடித்த டி-சர்ட், நாற்பது மிச்சம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆகும் என்றார். ஓர் ஏட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். டி-சர்ட் நாற்பது, பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதியிருக்கிறதா என இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு ரேணுகா கையெழுத்துப் போட்டாள்.

பெட்டியைத் தூக்க முடியவில்லை. சண்முகசுந்தரம் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். மண்ணூர்பேட்டையில் இறங்கியபோது மணி ஐந்தரை. டீக்கடை வாசலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எல்லார் சட்டைப் பையிலும் கவர் இருந்தது.

"வாங்க லட்சாதிபதி" என்றான் வரதன். லாரிகளில் இரும்புத் தகடு ஏற்றி இறக்குகிறவன். "பொட்டில இன்னாக்கா, பணமா?"

"டேய், டீ துன்னுட்டுப் போடா."

"டீயக் குடிப்பாங்க. உனுக்குப் பணம் வந்ததும் பேச்சே மாறிப் பூட்ச்சே."

சிரித்தார்கள். ரேணுகா பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்தாள். யூசுப் பாய் கேட்காமலே அவள் பக்கம் ஒரு டீயை நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

"பாய், டப்பா எங்க?"

"டப்பாவா? டீத்தூள் கீது அதுல. ஏம்மா?"

"அத்த திரும்ப வெக்கணும்." அவள் குரலை உயர்த்தினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. கம்பெனி காசு வரல. ஒத்த ரூபா வரல. அட்டதான் வந்துது. அத்த நம்பி நான் மைக்குல சொன்னது என் தப்பு. டீச்சருக்கு மூணு மாசமா சம்பளம் தரல. மறுபடியும் பத்து ரூபா போடணும்."

வினோத் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்தான். வெல்டர் அவன். அவனுடைய பையனும் வகுப்பில் படிக்கிறான்.

"இன்னாக்கா கத வுடற? என் போன்ல போட்டோ கீது. ஒரு லட்சத்து இருவதாயிரம்னு கொட்ட எய்த்துல போட்டுக்கீது. நீ புடிச்சிகினு நிக்கிற."

"புடிச்சிகினு நின்னேன். அத்த பேங்குல போட முடியாது வினோத்."

"பேங்குல போட முடியாத செக்க எவனாச்சும் குடுப்பானா?"

"குடுத்தாங்களே."

"அப்ப இன்னிக்கும் பொட்டியோட வந்துகிறியே? இது எங்கேருந்து வந்துது? அதே கம்பெனிதான?" அவன் பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த பெயரைக் காட்டினான். "மொதல்ல அந்த லட்சத்துக்குக் கணக்கு சொல்லு. அப்புறம் பத்து ரூபா கேளு."

அவன் போய்விட்டான். அவனோடு நாலைந்து பேர் போனார்கள். ரேணுகா அவர்களைக் கூப்பிடவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழித்தாள். உள்ளே நீல நிறத்தில் டி-சர்ட்டுகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றை உதறிப் பிடித்தாள். பெரியவர்கள் போடுகிற சைஸ். அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. கம்பெனியிலிருந்து வந்த ஆட்களுக்கு என்று அடித்தவை. முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கூட ஆகாது. பத்து வயதுப் பிள்ளை போட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

யூசுப் பாய் துணியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல துணிதாம்மா. கடைல எறநூறு சொல்லுவான்."

"இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது பாய்?"

வரதன் ஒன்றை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பார்த்தான். அவன் போட்டிருந்த சட்டை இரண்டு தோளிலும் கிழிந்திருந்தது. தகடு தூக்குகிற தோள்.

"எனுக்குக் கரெட்டா கீது. எவ்ளோக்கா?"

"விக்கிறதுக்கு இல்லடா."

"யாருக்கும் ஆவாத சட்டைய பொட்டில வெச்சிப் பூஜ பண்ணுவியா? அம்பது ரூபா. டீச்சருக்குப் போவட்டும்." அவன் கவரைப் பிரித்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். அங்கேயே கிழிந்த சட்டையைக் கழற்றிவிட்டு டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டான். "முதுவுல இன்னா எய்திக்கீது, படி பாய்."

யூசுப் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஒவ்வொரு குழந்தையும் எங்கள் பொறுப்பு."

"அய்யய்யோ. என் ஊட்ல கீற ரெண்டுக்கே முடில மாமே."

கடை முழுதும் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே இன்னொருவன் கவரைப் பிரித்தான். பிறகு இன்னொருவன். ஒருவன் அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு வாங்கினான். ஒருவன் நாற்பதுக்குப் பேரம் பேசினான். "புள்ளைங்க காசுல பேரம் பண்றான் பாரு, கஸ்மாலம்" என்று வரதன் கத்தினதும் ஐம்பதை வைத்தான். சட்டை வேண்டாம் என்று பத்து ரூபாய் மட்டும் வைத்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். யூசுப் பாய் டீத்தூளை ஒரு காகிதப் பைக்கு மாற்றிவிட்டு டப்பாவைத் தட்டித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

முப்பத்தோரு டி-சர்ட் போயிருந்தது. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.

கொட்டகையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் ஒரு பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க, பத்தாவது ஐந்து பேரும் கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பானுப்பிரியா அம்மாவைப் பார்த்துவிட்டு உடனே நோட்டில் குனிந்துகொண்டாள். ரேணுகா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சௌம்யா சாக்பீஸோடு வெளியே வந்தாள்.

"இந்தா சௌம்யா. ஆயிரத்து எண்ணூத்தம்பது. இன்னிக்கு இவ்ளோதான்."

"கம்பெனில என்ன சொன்னாங்கக்கா?"

"அடுத்த வருசம்."

சௌம்யா தலையை ஆட்டினாள். வெள்ளானூர்ப் பக்கம் ஒரு குடோனில் பேக்கிங் மேற்பார்வை வேலைக்கு அவளை எடுத்திருந்தார்கள். பதினாலாயிரம் சம்பளம். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை ஷிப்ட். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். இதை அவள் போன வாரமே சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு ரேணுகா சரியாகத் தூங்கவில்லை.

"திங்கக்கிழமை பூடுவ இல்ல?" என்று ரேணுகா கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"போன் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் ஏப்ரல்ல வர்றேன்னு சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க. வேற ஆள எடுத்துட்டா எங்க மேல தப்பு சொல்ல முடியாதுன்னாங்க." சௌம்யா கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை ஊதிவிட்டாள். "முக்கோணவியல் பாதில நிக்குதுக்கா. பானு நேத்துதான் ஒரு கணக்க முழுசா போட்டா. இப்ப விட்டா அஞ்சும் போயிடும்."

"ஏம்மா இப்டிப் பண்ண? நான் இன்னா சொல்லுவேன் உங்கம்மாவுக்கு?"

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க."

வெளியே தெருவில் லாரி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது. வரதனும் கூட வேலை பார்க்கிற மூன்று பேரும் நீல டி-சர்ட்டோடு பின்பக்கத்துக் கதவை இறக்கினார்கள். தகடுகளை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துத் தோளில் ஏற்றி, ஒருவர் பின் ஒருவராகப் பட்டறைக்குள் போனார்கள். குனிந்த முதுகுகளில் எழுத்து தெரிந்தது. முதல் நடையிலேயே வரதனின் புது டி-சர்ட்டின் தோள்பட்டையில் துரு ஒட்டியிருந்தது.

சௌம்யா பணத்தை எண்ணாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கரும்பலகையில் ஒரு கோபுரம் வரைந்து, அதன் உச்சியிலிருந்து தரைக்கு ஒரு கோடு இழுத்தாள். உயரத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். ஐந்து தலைகளும் நோட்டில் குனிந்தன.

ரேணுகா கம்பத்தைப் பிடித்தபடி, வலது காலை மடக்காமல், மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தாள். சௌம்யாவுக்குத் தர வேண்டிய மூன்று மாதச் சம்பளத்தில் இன்னும் ஏழாயிரத்து நூற்றைம்பது ரூபாய் பாக்கி.